ஸ்ட்ராங் டீ... பவர்ஃபுல் பைக்! மாத்திச் சொன்னா மாட்டிக்குவீங்க!

லாஸ்பேட்டையில 'லா'ன்னா என்ன அர்த்தம்?

டிக்‌ஷனரியைக் கேட்டா 'சட்டம்'னு பட்டுனு சொல்லிடும். அதை நம்பி ஏர்போர்ட் ரோட்டுல லா காலேஜைத் தேடினா, தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். சட்டக் கல்லூரி இருக்கிறது காலாப்பட்டுல! நம்ம பேட்டையில இருக்கிற 'லா' ஒரு ஆளோட பேரு. 1765 முதல் 1777 வரை புதுச்சேரியில பிரெஞ்சு கவர்னரா இருந்த ழான் லா தெ லோரிஸ்தோன். பூர்வீகம் ஸ்காட்லாந்து. பிரான்ஸ்ல காகிதப் பணத்தைப் புழக்கத்துல விட்டு, 1720-ல் எல்லாம் சரிஞ்சு ஊரை விட்டே ஓடின ஜான் லாவோட தம்பி மகன் இவர்.

அப்படியே பஸ் ஏறி ஒயிட் டவுன் பக்கம் போங்க. தெருப் பலகையில ஆர், யு, ஈ-ன்னு மூணு எழுத்து இருக்கும். பிரெஞ்சுல அது 'வீதி'. அதே மூணு எழுத்துக்கு இங்கிலீஷ் டிக்‌ஷனரியில 'வருந்து'ன்னு அர்த்தம். பி, ஏ, ஐ, என் சேர்ந்தா இங்கிலீஷ்ல வலி. பிரெஞ்சு பேக்கரியில சூடான ரொட்டி!

ஆக, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் அதோட எழுத்துல மட்டும் இல்ல. அது எங்க நிக்குது, யாரோட நிக்குதுங்கிறதுல இருக்கு. புதுச்சேரிக்காரங்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா இங்கிலீஷ் படிக்கிறப்போ மட்டும் இதை மறந்துடறோமே, அதுதான் ஏன்னு புரியலை!

தாகூர் கலைக் கல்லூரி, மோதிலால் நேரு பாலிடெக்னிக், மகளிர் பாலிடெக்னிக், சமுதாயக் கல்லூரின்னு லாஸ்பேட்டை முழுக்க மாணவர் கூட்டம். இதுல தமிழ் மீடியத்துல பிளஸ் டூ முடிச்சு வந்தவங்க எக்கச்சக்கம். கேம்பஸ் இன்டர்வியூ தேதி நெருங்கினதும் நம்ம ஆளுங்க முதல்ல தேடறது என்ன? 'முப்பது நாளில் மூவாயிரம் வார்த்தைகள்' டைப் புத்தகம். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ். ராத்திரி பூரா உருப்போட்டு, காலையில இன்டர்வியூவுல உட்கார்ந்தா... தொண்டைக்குழியில ஒரு வார்த்தை கூட வராது. வெளிய வந்து, 'நமக்கு மூளை அவ்வளவுதான் மச்சி'ன்னு தன்னையே திட்டிக்க வேண்டியது.

பாஸ், மூளை நல்லாத்தான் இருக்கு. படிச்ச முறைதான் தப்பு.

கைவிடு... கைவிட்டாச்சு!

இந்தக் கொடுமை நமக்கு மட்டும்னு நினைச்சு ஃபீல் பண்ணாதீங்க. சீனாவுலயும் இதே கதைதான். பெய்ஜிங்ல 1993-ல் 'நியூ ஓரியன்டல்' கோச்சிங் நிறுவனத்தைத் தொடங்கின யூ மின்ஹாங், ஜிஆர்இ பரீட்சைக்காக எழுதின சொல் புத்தகம் அங்கே ரொம்ப பிரபலம். அட்டை சிவப்பா இருக்கிறதால மாணவர்கள் வெச்ச செல்லப் பேரு 'சிவப்புப் புதையல்'.

அகர வரிசையில வர்ற சொல் பட்டியல்களைப் பத்தி அங்கே ஒரு ஜோக் உண்டு. புத்தகத்தைத் திறந்ததும் முதல்ல கண்ணுல படற வார்த்தை 'அபாண்டன்'. அர்த்தம், 'கைவிடு'. மாணவனும் அதைக் கடமையா மனப்பாடம் பண்ணிட்டு, அன்னிக்கே புத்தகத்தைக் கைவிட்டுடுவான்! அடுத்த வாரம் மறுபடி ஆரம்பிப்பான். மறுபடியும் 'அபாண்டன்'.

ஜோக்கைவிட முக்கியமான விஷயம், பரீட்சை வைக்கிறவங்களே ரூட்டை மாத்திட்டாங்க. எதிர்ச்சொல் கேட்கிற பகுதியை ஜிஆர்இ 2011 ஆகஸ்ட்ல தூக்கிடுச்சு. வாக்கியத்துல காலியிடம் விட்டு, அங்கே பொருந்தற சொல் எதுன்னுதான் இப்போ கேட்கறாங்க. அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியும் 2016-ல் அபூர்வமான வார்த்தைகளை ஓரங்கட்டிட்டு, 'இந்தப் பத்தியில இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?' பக்கம் வந்துடுச்சு. சீனாவோட கல்லூரி நுழைவுத் தேர்வுலயும் பத்தியில விட்ட இடத்தை நிரப்பற பகுதி உண்டு. நம்ம ஊர் பேங்க் எக்ஸாம்ல வர்ற 'க்ளோஸ் டெஸ்ட்' இதோட அண்ணன் தம்பிதான்.

டீக்கடையில ஒரு கிராமர் கிளாஸ்

டீக்கடைக்கு வாங்க. 'மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு, லைட்டா ஒண்ணு!' இதை யார் வேணா சொல்வாங்க. யாராவது 'பவர்ஃபுல்லா ஒரு டீ'ன்னு கேட்டிருக்காங்களா? கேட்டா மாஸ்டரே பயந்துடுவார். ஆனா பைக்குன்னு வந்தா 'பவர்ஃபுல் இன்ஜின்'. டிக்‌ஷனரியில ரெண்டு வார்த்தைக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான். ஆனா கூட்டாளி வேற வேற!

இது நாம கண்டுபிடிச்சது இல்ல. மைக்கேல் ஹாலிடேங்கிற மொழியியல் அறிஞர் 1966-ல் இந்த 'ஸ்ட்ராங் டீ' உதாரணத்தை வெச்சுத்தான் சொற்களோட கூட்டணியை விளக்கினார். அவர் 1940-களோட கடைசியில சீனாவுக்கே போய் சீன மொழி படிச்சவர். அவரோட குரு ஜே.ஆர்.ஃபர்த், 1920-கள்ல லாகூர்ல, பஞ்சாப் பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் பேராசிரியரா இருந்தவர். ஒரு சொல்லைத் தெரிஞ்சுக்கணும்னா அது யாரோட சேர்ந்து திரியுதுன்னு பாருங்கங்கிறதுதான் ஃபர்த் சொன்னதோட சாரம். நம்ம வீட்டுப் பெரியவங்க பசங்களைப் பத்தி சொல்றது மாதிரியே இருக்குல்ல?

தமிழ்ல இதை நாம யோசிக்காமலே செய்யறோம். வெயில் அடிக்கும், மழை பெய்யும், சளி பிடிக்கும், காய்ச்சல் அடிக்கும். புதுசா தமிழ் கத்துக்கிற வெள்ளைக்காரர் 'இன்னிக்கு வெயில் நல்லா பெய்யுது'ன்னு சொன்னா நாம சிரிப்போம். அர்த்தம் புரியும்; ஆனா ஒட்டாது. நாம 'ஹெவி விண்ட்'னு சொல்றப்போ அவருக்கும் அதே ஃபீலிங்தான். மழைதான் 'ஹெவி'. காத்து எப்பவும் 'ஸ்ட்ராங்'.

'போடு' படுத்தும் பாடு

தமிழ்ல 'போடு'ங்கிற ஒரே வார்த்தையை வெச்சு வாழ்க்கையையே ஓட்டிடலாம். லைட்டைப் போடு, டீ போடு, சட்டை போடு, ஓட்டுப் போடு, சண்டை போடு. இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் தனியா வரணும். லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஆன்', டீக்கு 'மேக்', சட்டைக்கு 'புட் ஆன்', ஓட்டுக்கு 'காஸ்ட்'. 'போடு'ன்னா 'புட்'னு மட்டும் படிச்சவர் 'புட் த லைட்'னு சொல்லிட்டு நிக்கிறது இதனாலதான். சீன மொழியில லைட்டை 'திற'ன்னு சொல்வாங்க. அதனால சீன மாணவர் 'ஓப்பன் த லைட்' சொல்லிட்டு நிப்பார். ஊர் வேற, மொழி வேற, மாட்டிக்கிற இடம் ஒண்ணு!

இங்கிலீஷ்காரங்களும் சளைச்சவங்க இல்ல. 'ரன்'னை எடுத்துக்குங்க. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி ஆசிரியர்கள் அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் கணக்குப் பண்ணியிருக்காங்க. பஸ் ரன் ஆகும், மூக்கு ரன் ஆகும், புரோகிராம் ரன் ஆகும். கடையை 'ரன்' பண்ணலாம், எலெக்‌ஷன்ல நிக்கிறதுக்கும் 'ரன்'தான். 645-ஐயும் உருப்போட முடியுமா? தேவையும் இல்ல. பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு பார்த்தா அர்த்தம் தானா வந்துடும்.

அவுட்ஸ்டாண்டிங் ஸ்டூடன்ட், அவுட்ஸ்டாண்டிங் ஃபீஸ்

காலேஜ் நோட்டீஸ் போர்டே ஒரு நல்ல பாடப் புத்தகம்தான். ஆண்டு விழா மேடையில 'அவுட்ஸ்டாண்டிங் ஸ்டூடன்ட்'னு கூப்பிட்டா கைதட்டல். ஆபீஸ்ல இருந்து 'அவுட்ஸ்டாண்டிங் ஃபீஸ்'னு லெட்டர் வந்தா சந்தோஷப்படாதீங்க, பாக்கியைக் கட்டச் சொல்றாங்க!

எஜுகேஷன் லோன் 'சாங்ஷன்' ஆச்சுன்னா வீட்டுல பாயசம். ஆனா ஒரு நாட்டு மேல 'சாங்ஷன்'னு நியூஸ் வந்தா அது தடை. ஒரே சொல், ஒரு இடத்துல அனுமதி, இன்னொரு இடத்துல தண்டனை.

அடுத்தது நம்ம செல்லமான 'அரியர்'. நமக்கு அது ஊத்திக்கிட்ட பேப்பர். வெளிநாட்டு ஹெச்.ஆர்.கிட்ட 'ரெண்டு அரியர் இருக்கு'ன்னா, வாடகை பாக்கியான்னு கேட்பார். எல்லாத்துக்கும் மேல 'பாஸ்டு அவுட்'! நம்ம ஊர்ல 'நான் 2023-ல் பாஸ்டு அவுட்'னா படிப்பை முடிச்சாச்சுன்னு புரிஞ்சுக்குவாங்க. லண்டன்ல இருந்து வீடியோ காலில் இன்டர்வியூ பண்றவருக்கு அது 'மயக்கம் போட்டு விழுந்தேன்'னு கேட்கும். 'கிராஜுவேட்டட்'னு சொன்னா யாரும் தண்ணி தெளிக்க ஓடி வர மாட்டாங்க.

நம்ம ஊர் இங்கிலீஷ் கேவலம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. நமக்குள்ள பேசிக்க அது கச்சிதமான மொழி. கேட்கிற ஆள் யாருன்னு பார்த்து வார்த்தையை எடுக்கணும், அவ்வளவுதான். அதுவும் சூழல்தான்.

எத்தனை வார்த்தை போதும் பாஸ்?

சந்தோஷமான செய்தி: பயப்படற அளவுக்கு வேண்டாம்! மைக்கேல் வெஸ்ட்னு ஒரு ஆசிரியர், 1920-கள்ல டாக்காவுல வேலை பார்த்தவர். வங்காளப் பசங்க வருஷக்கணக்கா படிச்சும் இங்கிலீஷ் வராம தவிக்கிறதைக் கண்ணால பார்த்தவர். 1953-ல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியல்ல இருந்த சொற்கள் சுமார் 2,000. சாதாரண இங்கிலீஷ் எழுத்துல ஏறக்குறைய 80 சதவீதம் இந்த 2,000-க்குள்ளேயே அடங்கிடும். அதுக்கு மேல கல்லூரிப் பாடத்துக்குன்னு, நியூசிலாந்து ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் தொகுத்த 570 சொல் குடும்பங்கள். பாடநூல்கள்ல இன்னொரு 10 சதவீதத்தை அது பார்த்துக்கும்.

நாளைக்கு நூறு வார்த்தைன்னு ஆரம்பிச்சு மூணாம் நாள் படுத்துடறவங்க ஒரு கணக்குப் போடுங்க. நாளைக்கு 5. வருஷத்துக்கு 1,825. மூணு வருஷ டிகிரி முடியறப்போ எங்க நிப்பீங்கன்னு நீங்களே பார்த்துக்குங்க.

இன்னொரு தகவல். இன்னிக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பேர்ல கடையில கிடைக்கிற மாணவர் அகராதிக்கு அப்பா ஏ.எஸ்.ஹார்ன்பி. 1924-ல் ஜப்பானுக்கு இங்கிலீஷ் வாத்தியாரா போனவர். ஜப்பானிய மாணவர்கள் எந்த இடத்துல தடுக்கி விழறாங்கன்னு பார்த்துப் பார்த்து அவரும் கூட்டாளிகளும் செஞ்ச அகராதி 1942-ல் டோக்கியோவுல அச்சாச்சு. 1948-ல்தான் ஆக்ஸ்ஃபோர்ட் அதை வெளியிட்டுச்சு. டாக்கா, லாகூர், ஜப்பான்னு பாருங்க... நம்மள மாதிரி பசங்க முன்னாடி நின்னு பாடம் நடத்தினவங்கதான் இந்த வழியையெல்லாம் போட்டவங்க. நம்ம தடுமாற்றம் அவ்வளவு மதிப்பானது!

இது துபாஷி ஊரு!

1709-ல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளையைத் தெரியாத புதுச்சேரிக்காரர் உண்டா? துய்ப்ளெக்ஸ் கவர்னரோட துபாஷி. துபாஷின்னா ரெண்டு மொழி தெரிஞ்சவர். 1736-ல் இருந்து 1761 வரை, தமிழ்ல அவர் எழுதின நாட்குறிப்புல பிற மொழிச் சொல்லெல்லாம் சர்வசாதாரணமா வந்து உட்காரும். துறைமுகம், கிடங்கு, கவர்னர் மாளிகைன்னு வேலை நடந்த இடத்துல புழங்கின சொற்கள் அவை. அந்த மரபு இன்னும் இருக்கு. நம்ம ஊர்ல இன்னிக்கும் 'சொல்தா' வீடுன்னா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர் வீடுன்னு பாட்டிமாருக்குத் தெரியும். அவங்க எந்த கோர்ஸும் போகலை. வாழ்ந்த இடத்துல இருந்து எடுத்துக்கிட்டாங்க.

வகுப்பறையிலயும் இதை முயற்சி பண்ணியிருக்காங்க. என்.எஸ்.பிரபு என்ற கல்வியாளர் 1979-ல் இருந்து அஞ்சு வருஷம் பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களோட பள்ளிகள்ல ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடத்துக்குப் பதிலா ரயில் டைம்டேபிளும் மேப்பும் குடுத்து, 'எந்த வண்டியைப் பிடிச்சா நேரத்துக்குப் போய்ச் சேரலாம்?'னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. பசங்க கணக்கைத் தீர்க்கிற மும்முரத்துல, 'அரைவல்', 'டிபார்ச்சர்' எல்லாம் தானா உள்ள இறங்கும். 'பெங்களூரு புராஜெக்ட்'னு உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் படிக்கிற சோதனை அது.

சரி, இன்னிக்கே ஆரம்பிக்கலாமா?

1. ஜோடி நோட்டு: ஒரு ரெண்டு கோடு நோட்டு வாங்குங்க. வார்த்தையைத் தனியா எழுதாதீங்க, ஜோடியோட எழுதுங்க. 'டெசிஷன்' இல்ல, 'மேக் எ டெசிஷன்'. காமர்ஸ்னா 'ரெய்ஸ் அன் இன்வாய்ஸ்'. சயின்ஸ்னா 'கண்டக்ட் அன் எக்ஸ்பெரிமென்ட்'. கம்ப்யூட்டர்னா 'ஃபிக்ஸ் எ பக்', 'மீட் த டெட்லைன்'. அதுக்குக் கீழ உங்க வாழ்க்கையில நேத்து நிஜமா நடந்ததைப் பத்தி ஒரு வாக்கியம். இதுல ஜார்ஜும் மேரியும் வேண்டாம். உங்க அம்மா, உங்க பஸ், உங்க ஹெச்.ஓ.டி. வரட்டும்.

2. தெரிஞ்ச கதையைப் படிங்க: 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர்ப் பக்கம் கரையைக் கடந்து, 24 மணி நேரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினதை மறந்திருக்க மாட்டீங்க. அந்த நாள் இங்கிலீஷ் செய்தியைத் தேடிப் படிங்க. 'மேக் லேண்ட்ஃபால்', 'லோ-லையிங் ஏரியாஸ்', 'ரெஸ்டோர் பவர் சப்ளை'. தண்ணியில நின்னவருக்கு இதையெல்லாம் டிக்‌ஷனரி சொல்லணுமா? நீங்க பார்த்த மேட்ச், பார்த்த படத்தோட விமர்சனமும் இதே மாதிரிதான்.

3. நூத்துக்கு அஞ்சு: ஒரு பக்கத்துல நூறு வார்த்தை எண்ணுங்க. தெரியாதது அஞ்சுக்கு மேல இருந்தா அந்தப் புத்தகம் இப்போ வேண்டாம். பக்கத்துல இருக்கிற வார்த்தை தெரிஞ்சாத்தான் தெரியாததை ஊகிக்க முடியும். சிறுவர் புத்தகம் படிக்க வெட்கம் வேண்டாம். புதுச்சேரி ரோமேன் ரோலன் நூலகம் 1827-ல் இருந்து இருக்கு. யார் என்ன புத்தகம் எடுக்கறாங்கன்னு அங்கே யாரும் எட்டிப் பார்க்கப் போறதில்ல.

4. மை பூசுங்க: பேப்பர்ல ஒரு பத்தியைப் படிங்க. அதை ஜெராக்ஸ் எடுத்து, ஏழு வார்த்தைக்கு ஒண்ணா கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால அடிச்சிடுங்க. மறுநாள் காலியிடத்தை நிரப்புங்க. வில்சன் டெய்லர்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் 1953-ல் கொண்டு வந்த முறை இது. பேங்க் எக்ஸாமுக்கும் அப்படியே உதவும். செலவு, ஒரு ஜெராக்ஸ் காசு.

5. மறக்கிற நேரத்துல பிடிங்க: ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணிப் பார்த்து, எவ்வளவு வேகமா மறக்குதுன்னு 1885-ல் எழுதினார். மனப்பாடம் பண்ணினதுல பெரும்பங்கு முதல் நாளே போயிடுதாம்! அதனால ஒரே ராத்திரியில பத்துத் தடவை வேண்டாம். மறுநாள், மூணாம் நாள், ஒரு வாரம், ஒரு மாசம்னு இடைவெளி விட்டுப் புரட்டுங்க.

6. ஹெலிபேட் கிரவுண்டு டாக்: சாயங்காலம் வாக்கிங் போறீங்களா? கூட ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிக்குங்க. அன்னிக்கு எழுதின அஞ்சு ஜோடியையும் வெச்சு ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசணும். சிரிச்சா ஃபைன் கிடையாது. பேசாம இருந்தா டீ வாங்கித் தரணும்!

7. போன்ல ரெண்டு வார்த்தையா தேடுங்க: ஒத்தை வார்த்தையைத் தட்டினா ஒத்தைத் தமிழ்ச் சொல் வரும், கதை முடிஞ்சுது. 'ஹெவி விண்டா, ஸ்ட்ராங் விண்டா?'ன்னு கேளுங்க. உதாரண வாக்கியம் இருக்கிற மாணவர் அகராதிகள் நெட்டுல இலவசமாவே கிடைக்குது.

இன்டர்வியூ மேஜைக்கு முன்னாடி...

'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'னு கேட்டதும் நம்மாளு ஒப்பிக்கிறது: 'மைசெல்ஃப்... ஹானஸ்ட், ஹார்ட்வொர்க்கிங், டெடிகேட்டட்.' மூணும் பெரிய வார்த்தைதான். ஆனா மூணும் தனித்தனியா, சூழல் இல்லாம நிக்குது. எதிர்ல இருக்கிறவருக்கு உங்களைப் பத்தி ஒரு விஷயமும் தெரியாது. அதுக்குப் பதிலா, காலையில பேப்பர் போட்டுட்டு காலேஜ் வந்ததை, அக்காவோட மளிகைக்கடைக் கணக்கை நீங்க பார்த்துக்கிட்டதை, டிபார்ட்மென்ட் விழாவுக்கு 200 பேருக்குச் சாப்பாடு ஏற்பாடு பண்ணினதை நாலு சின்ன வாக்கியத்துல சொல்லிப் பாருங்க. அதுக்குத் தேவையான சொற்கள் எல்லாமே வெஸ்ட்டோட 2,000-க்குள்ள இருக்கிற மாதிரி சாதாரணச் சொற்கள்தான். 'ஹார்ட்வொர்க்கிங்'னு நீங்க சொல்லவே வேண்டாம், அவரே எழுதிக்குவார்.

இங்கிலீஷ் தெரியாததை அறிவில்லாததுன்னு நினைச்சுக்கிட்டு, வகுப்புல கடைசி பெஞ்சுல வாயைத் திறக்காம மூணு வருஷத்தை ஓட்டறவங்க இருக்காங்க. ஃபீஸ் கட்ட அப்பா படற பாடு தெரிஞ்சும் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்க முடியாத அந்த மௌனம்தான் உண்மையான இழப்பு. மூவாயிரம் வார்த்தை அதை உடைக்காது. நீங்க வாழற வாழ்க்கையைச் சொல்லத் தேவைப்படற அஞ்சு ஜோடி, இன்னிக்குச் சாயங்காலம் ஒரு ஃப்ரெண்டுகிட்ட சத்தமா சொன்ன அஞ்சு ஜோடி, அதை உடைக்க ஆரம்பிச்சிடும்.

நோட்டு வாங்கியாச்சா? முதல் பக்கத்துல 'அபாண்டன்'னு மட்டும் எழுதிடாதீங்க. கலக்குங்க ஃப்ரெண்ட்ஸ்!